பட்டா நிலத்தைக் காடாகவே விட்டுவைக்கச் சட்டத்தில் இடம் உண்டா?

நாங்குநேரிக்குத் தெற்கே ஒரு மானாவாரிக் குளத்தின் உள்வாயை, அதாவது நீர் தேங்கும் உட்புறத்தை, ஒட்டி உங்கள் குடும்பத்துக்கு 14 ஏக்கர் புஞ்சை இருக்கிறது. அப்பா காலத்துக்குப் பிறகு உழவு நின்று, இன்று பனையும் வடலியும் உடைமரமுமாக அது காடு போல நிற்கிறது. பொத்தை என்னும் சிறு குன்றிலிருந்து இறங்கும் ஓடை அதன் நடுவே ஓடிக் குளத்தில் சேர்கிறது. மனை போடுகிறவர்களும் கிரஷர்காரர்களும் மாறி மாறி விலை கேட்டு வருகிறார்கள். அமெரிக்காவில் இருக்கும் உங்கள் அண்ணன் மகன், அந்த ஊரில் நிலத்தை விற்காமலேயே ‘இதில் இனி எவரும் கட்டக் கூடாது, தோண்டக் கூடாது’ என்று உள்ளாட்சிக்கு எழுதிக் கொடுத்துவிடலாம் என்று சொன்னதைக் குறிப்பிட்டு, நம் ஊராட்சியோடு அப்படி ஒரு பத்திரம் எழுத முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். அங்கே எழுதுகிற அதே வடிவில் இங்கே எழுத முடியாது. ஆனால் ஓடை உங்கள் நிலத்துக்குள்ளும் குளம் அதற்கு அடுத்தும் இருப்பதால், ஏறக்குறைய அதே பலனைத் தரும் பத்திரம் ஒன்றை இன்றுள்ள சட்டத்துக்குள்ளேயே எழுத முடியும் என்பது என் கருத்து. பாளையங்கோட்டையில் நீண்ட காலம் நில வழக்குகளையே நடத்தி வந்தவன் என்ற முறையில், காரணத்தையும் வழியையும் விரிவாகவே எழுதுகிறேன்.

அமெரிக்க ஏற்பாட்டை நம் பழைய கிரயப் பத்திரத்தை வைத்தே புரிந்துகொள்ளலாம். ‘நிதி, நிட்சேபம், ஜலம், தரு, பாஷாணம்’ என்று தொடங்கி அஷ்டபோகங்களையும் வரிசையாக எழுதி, அத்தனையும் சேர்த்து விற்றதாக நம் பத்திரங்கள் சொல்லும். புதையல், தண்ணீர், மரம், கல் எனத் தனித்தனி உரிமைகள் கூடியதே நிலவுரிமை என்ற எண்ணம் அதில் இருக்கிறது. அந்த உரிமைகளில் கல்லைத் தோண்டும் உரிமையையும் கட்டடம் எழுப்பும் உரிமையையும் மட்டும் உடைமையாளர் விட்டுக்கொடுத்து, அவை இனி எந்நாளும் பயன்படுத்தப்படாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை ஓர் உள்ளாட்சியிடமோ நிலக்காப்பு அறக்கட்டளையிடமோ ஒப்படைப்பதுதான் அங்கே நடப்பது. நிலம் அவர் பெயரிலேயே இருக்கும். உழலாம், மேய்க்கலாம், பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம், விற்கவும் செய்யலாம். வாங்குகிறவரையும் அந்தக் கட்டுப்பாடு தொடரும். நியூயார்க் மாநிலத்தின் சஃபோக் கவுண்டி 1974-ல், விவசாய நிலங்களின் கட்டட உரிமையை மட்டும் விலை கொடுத்து வாங்கும் சட்டத்தை இயற்றியது. உள்ளாட்சியே முன்னின்று இதைச் செய்ததற்கு அது நல்ல முன்மாதிரி. விலை வாங்காமல் தானமாகக் கொடுப்பவருக்கு, நிலத்தின் மதிப்பில் குறைந்த தொகை வருமான வரிக் கணக்கில் கழிவாகக் கிடைக்கிறது. அந்தச் சலுகையை எண்ணியே நிலத்தின் மதிப்பைச் செயற்கையாக ஏற்றிக் காட்டிய கூட்டு முதலீடுகள் பெருகி, 2022 இறுதியில் அந்நாட்டு நாடாளுமன்றம் சட்டத்தில் விதி ஒன்றைச் சேர்த்து அவற்றைத் தடுக்க வேண்டிவந்தது.

இந்த ஏற்பாட்டை அங்கே ஈஸ்மென்ட் என்ற பெயரால் அழைக்கிறார்கள். நமக்கும் அது புதிய சொல் அன்று. ‘மாமூல் வழிநடை, வண்டிப்பாதை, நீர்ப்பாய்ச்சல் முதலிய ஈஸ்மென்ட் பாத்தியங்கள் சகிதம்’ என்று நம் பத்திர எழுத்தர்கள் இன்றும் எழுதுகிறார்கள். சட்டத்தமிழில் வசதியுரிமை என்பார்கள். 1882-ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டம் முதன்முதலில் நடைமுறைக்கு வந்த பகுதிகளில் சென்னை மாகாணமும் ஒன்று. அதன் 4-ஆம் பிரிவு சொல்வது இதுதான்: ஒரு நிலத்தின் உடைமையாளர், அந்த நிலத்தை நன்கு அனுபவிப்பதற்காக, தமக்குச் சொந்தமில்லாத இன்னொரு நிலத்தில் ஒன்றைச் செய்வதற்கோ, அங்கே ஒன்று நடக்காமல் தடுப்பதற்கோ பெற்றிருக்கும் உரிமையே வசதியுரிமை. ஆகவே இரண்டு நிலங்கள் கட்டாயம் இருக்க வேண்டும். ஒன்று பலன் பெறும் நிலம். மற்றொன்று சுமை தாங்கும் நிலம். பக்கத்தில் தனக்கென நிலம் எதுவும் இல்லாத ஓர் அமைப்புக்கு, பறவைகளுக்காகவோ பொதுநன்மைக்காகவோ மட்டும் இந்த உரிமையைக் கொடுக்க நம் சட்டத்தில் இடமில்லை. சொத்து மாற்றுச் சட்டத்தின் 40-ஆம் பிரிவு ஒருவர் நிலத்தின் பயன்பாட்டை இன்னொருவர் கட்டுப்படுத்தலாம் என்று ஒப்புக்கொள்கிறது. ஆனால் அதுவும் கட்டுப்படுத்துகிறவருக்குச் சொந்த நிலம் இருக்க வேண்டும் என்றே கேட்கிறது. இங்கிலாந்திலிருந்து வந்த இதே தடை அமெரிக்காவிலும் இருந்தது. அவர்கள் மாநிலந்தோறும் சட்டம் இயற்றி அதை நீக்கினார்கள். 1981-ல் எல்லா மாநிலங்களும் பின்பற்றுவதற்கென ஒரு மாதிரிச் சட்டமும் வரைந்தார்கள். நாம் இன்னும் அதைச் செய்யவில்லை.

உங்கள் நிலத்துக்கு இந்தத் தடை பெரிதாகக் குறுக்கே நிற்கவில்லை என்பதுதான் என் பதிலின் மையம். உங்கள் நிலத்துக்குப் பக்கத்தில் குளம் இருக்கிறது; குளத்துக்குக் கீழே புரவு, அதாவது குளத்து நீர் பாயும் வயல்கள், இருக்கிறது. உங்கள் 14 ஏக்கர் சுமை தாங்கும் நிலமாகவும், குளமும் புரவு நிலங்களும் பலன் பெறும் நிலங்களாகவும் அமைவதற்குச் சட்டத்தில் ஓர் எழுத்துக்கூட மாற்ற வேண்டியதில்லை. ஓடையின் நீர் இடையில் மறிக்கப்படாமல் கீழே வர வேண்டும் என்பது கீழ்நிலத்துக்காரர்களின் இயற்கையான உரிமை என்று அதே சட்டத்தின் 7-ஆம் பிரிவின் விளக்கக் காட்டு ஏற்கெனவே சொல்கிறது. நீங்கள் எழுதிக் கொடுப்பது அதற்கு மேலும் ஓர் அடுக்கு: ஓடையின் இரு கரையிலும் மண் எடுப்பதில்லை, பாறையை உடைப்பதில்லை, நீர்வரத்தைத் திருப்பும்படி மேடு போடுவதில்லை, கட்டடம் எழுப்புவதில்லை, மண்ணைப் பிடித்து நிற்கும் பனையை வேரோடு அகற்றுவதில்லை. 4-ஆம் பிரிவின் விளக்கவுரை, ‘நன்கு அனுபவிப்பது’ என்பதற்குள் வரக்கூடிய வசதியையும், தொலைவான நன்மையையும், வெறும் இனிமையையுங்கூடச் சேர்க்கிறது. நூற்று நாற்பது ஆண்டுகளுக்கு முன் இவ்வளவு விரிவாக எழுதி வைத்த அந்த வரியை நாம் போதிய அளவு பயன்படுத்தவில்லை என்பது என் நெடுநாள் ஆதங்கம். உரிமை நிரந்தரமாகவும் இருக்கலாம் என்று 6-ஆம் பிரிவு தெளிவாகவே சொல்வதால், காலவரம்பு பற்றிய அச்சமும் வேண்டாம்.

எனினும் பத்திரத்தின் மொழியில் மிகுந்த கவனம் வேண்டும். ‘பறவைகள் வாழ்வதற்காக’ என்று நோக்கத்தை எழுதினால் எதிர்த்தரப்பு வழக்கறிஞருக்கு அது கைக்குக் கிடைத்த கல். ‘குளத்துக்கு வரும் நீர் குறையாமலும், உள்வாய் வண்டலால் தூர்ந்துபோகாமலும், புரவுக் கிணறுகளின் ஊற்று வற்றாமலும் இருப்பதற்காக’ என்று எழுதுங்கள். அது உண்மையும்கூட. பொத்தையின் அடிவாரத்தில் உடையும் புல்லும் நிற்கிற வரையில்தான் ஐப்பசி, கார்த்திகை மழை மெதுவாக இறங்கிக் குளத்துக்கு வரும். அந்தத் தரையைச் சுரண்டிவிட்டால் வெள்ளமும் மண்ணும் ஒன்றாக வந்து, குளம் நிறைந்தது போலத் தோன்றி மாசியிலேயே தரை தட்டும். இந்தப் பக்கத்துக் குளங்கள் பலவற்றின் கரையில் நின்று கண்ணால் கண்டதைத்தான் சொல்கிறேன். தண்ணீர் நின்றால் பறவை தானாக வரும்.

இந்த உரிமையை ஊராட்சிக்கு மட்டும் கொடுக்க நினைத்திருக்கிறீர்கள். அதில் எனக்கு உடன்பாடில்லை. முதலில் குளம் யாருடையது என்று பாருங்கள். 100 ஏக்கருக்குக் குறைவான ஆயக்கட்டு (பாசனப் பரப்பு) உள்ள குளங்கள் ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பிலும், அதற்கு மேற்பட்டவை நீர்வளத்துறையின் பொறுப்பிலும் இருப்பது நம் மாநில நடைமுறை. ஊராட்சித் தலைவரின் கையெழுத்து அந்தக் குளத்தைக் கட்டாமல் போகலாம். அடுத்தது, அதைவிட முக்கியமானது: பலன் பெறும் நிலத்தின் உடைமையாளர் விரும்பினால் வசதியுரிமையை விட்டுக்கொடுத்துவிடலாம் என்று 38-ஆம் பிரிவு சொல்கிறது. ஐந்தாண்டுக்கு ஒரு முறை மாறும் ஒரு மன்றத்திடம் மட்டும் இந்தச் சாவி இருந்தால், உங்கள் பேரன் காலத்தில் ஒரே தீர்மானத்தில் பூட்டுத் திறந்துவிடும். அதற்குப் பதிலாகப் புரவுக்காரர்கள் பத்துப் பன்னிரண்டு பேருக்கு, அவரவர் சர்வே எண்ணைக் குறிப்பிட்டு, ஒவ்வொருவரின் நிலத்துக்கும் தனித்தனியே இந்த உரிமையை வழங்குங்கள். அதை நீக்க வேண்டுமானால் அத்தனை பேரும் எழுதிக் கொடுக்க வேண்டும். மாறாக, உரிமை மீறப்பட்டால் அவர்களில் ஒருவர் எழுந்தாலும் போதும். 35-ஆம் பிரிவின்கீழ் முன்சீப் கோர்ட்டில் தடையுத்தரவு கேட்கலாம். அந்தப் புரவு நிலம் கைமாறினாலும் உரிமை நிலத்தோடு சேர்ந்தே போகும். உள்வாயை ஒட்டி உங்களைப் போலவே பட்டா வைத்திருக்கும் மற்றவர்களும் ஒருவர் நிலத்துக்கு ஒருவர் மாறி மாறி எழுதிக்கொண்டால், ஊராட்சியின் துணையோடு தனியார் நிலம் காப்பது என்று நீங்கள் கேட்டதற்கு அதுவே நம் மண்ணுக்கு ஏற்ற வடிவம்.

ஊராட்சிக்கு இதில் வேலையே இல்லை என்று நான் சொல்லவில்லை. பத்திரத்தின் நகலை வைத்துக் கிராமசபையில் ஒரு தீர்மானம் நிறைவேற்றச் செய்யுங்கள். சனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாட்களில் எதிலும் இதைக் கொண்டுவரலாம். மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள் என்பதால் பொருத்தமும் உண்டு. மனைப்பிரிவுக்கு அனுமதி கேட்டு வருகிறவர் உள்ளாட்சியின் வாசலுக்கு வந்தே ஆக வேண்டும். அங்கே தீர்மானப் புத்தகத்தில் இது பதிவாகியிருந்தால் எவரும் ‘எனக்குத் தெரியாது’ என்று சொல்ல முடியாது. அதைவிடப் பெரிய காவல் சார்பதிவாளர் அலுவலகத்தில் இருக்கிறது. பத்திரத்தைப் பதிவு செய்துவிட்டால் அது வில்லங்கச் சான்றில் ஏறிவிடும். விற்பனையில் நாம் அஞ்சுகிற அந்த வில்லங்கம் என்ற சொல் இங்கே உங்கள் நிலத்துக்கு வேலியாகிறது. வில்லங்கம் உள்ள இடத்தில் மனை வாங்க வங்கி கடன் தராது, கடன் கிடைக்காத மனையை எந்தப் புரோமோட்டரும் தொடமாட்டார்.

இந்த முறைக்கு ஒரு குறை உண்டு. சுமை தாங்கும் நிலத்துக்காரர் எதையும் செய்ய வேண்டும் என்று வசதியுரிமையால் கட்டாயப்படுத்த முடியாது. செய்யாதிருக்க மட்டுமே கட்ட முடியும். 27-ஆம் பிரிவு அதைச் சொல்கிறது. உங்கள் நிலத்தில் சீமைக்கருவேலம் பரவினால் அதை அகற்று என்று உங்களுக்குப் பின் வருகிறவரை இந்தப் பத்திரத்தால் கேட்க முடியாது. புரவுக்காரர்களே உள்ளே வந்து அகற்றிக்கொள்ளும் உரிமையைப் பத்திரத்தில் சேர்த்து எழுதினால் இதைப் பெருமளவு சரிசெய்யலாம். அரசு பொதுக்காரியத்துக்காக நிலத்தை எடுப்பதையும் இந்தப் பத்திரம் தடுக்காது, அமெரிக்காவிலும் அப்படித்தான்.

அடுத்த வழி, வனத்துறை வழி. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 2002-ல் செய்த திருத்தம் இரண்டு புதிய வகைகளைக் கொண்டுவந்தது. அரசு நிலத்துக்குக் காப்பிடம். தனியார் அல்லது சமூகம் தாமாக முன்வந்து தரும் நிலத்துக்குச் சமூகக் காப்பிடம். முதல் வகைக்கு நம் திருநெல்வேலி மாவட்டத்திலேயே எடுத்துக்காட்டு இருக்கிறது. தாமிரபரணியோடு கடனாநதி சேரும் இடத்தருகே திருப்புடைமருதூரில், மருத மரங்களில் அடையும் பறவைகளுக்காக ஊர்மக்களே கேட்டுப் பெற்ற 2.84 ஹெக்டேர் காப்பிடம் 2005-ல் அறிவிக்கப்பட்டது. பரப்பு ஏழு ஏக்கர்தான். ஊர் சேர்ந்து கேட்டது என்பதே அதன் பலம். உங்களுக்குப் பொருந்துவது இரண்டாவது வகை. 36-சி பிரிவின்கீழ் மாநில அரசு அதை அறிவித்த பிறகு, நிர்வாகக் குழுவின் தீர்மானமும் அரசின் ஒப்புதலும் இல்லாமல் நிலப் பயன்பாட்டை மாற்ற முடியாது. தனியார் நிலமானால் அந்தக் குழுவில் நில உடைமையாளர், வனத்துறைப் பிரதிநிதி, ஊராட்சியின் பிரதிநிதி ஆகியோர் இருக்க வேண்டும் என்று 2022-ன் திருத்தம் சொல்கிறது. உடைமையாளரும் உள்ளாட்சியும் ஒரே மேசையில் உட்கார்ந்து நிலத்தைக் காக்கும் ஏற்பாடு நம் சட்டப் புத்தகத்தில் நேரடியாக எழுதப்பட்டிருப்பது இந்த ஒரே இடத்தில்தான் என்பேன். கேரளத்தில் கடலுண்டி–வள்ளிக்குன்று 2007-ல் இவ்வகையில் அறிவிக்கப்பட்டது. மேகாலயத்தில் இவ்வகைக் காப்பிடங்கள் ஏராளம்.

கூந்தன்குளத்தைப் பார்த்தால் இந்த வழியின் தேவை புரியும். அங்கே 1994-ல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது 129.33 ஹெக்டேர் மட்டுமே. ஆனால் சங்குவளை நாரையும் கூழைக்கடாவும் அந்த எல்லைக்குள்ளேயே வாழ்வதில்லை; ஊருக்குள் வீட்டுப் புறவாசல் மரத்தில் கூடு கட்டுகின்றன, சுற்றுவட்டாரக் குளங்களிலும் வயல்களிலும் இரை தேடுகின்றன. தீபாவளிக்கு வெடி வெடிக்காமல் அந்த ஊர் காத்துவருகிற நெறி எந்த அரசாணையிலும் பிறக்கவில்லை. சமூகக் காப்பிடப் பிரிவு, உயிரினங்களோடு சேர்த்து மரபான காப்பு வழக்கங்களையும் பாதுகாக்க வேண்டியவையாகவே குறிப்பிடுகிறது. கூந்தன்குளத்தைச் சுற்றியுள்ள உங்களைப் போன்றவர்களின் நிலங்களுக்கு அது அளவெடுத்துத் தைத்த சட்டை. ஆயினும் ஓர் எச்சரிக்கை தேவை. அறிவிக்கை வந்த பிறகு மனம் மாறினால் எளிதில் திரும்ப முடியாது, இழப்பீடும் இல்லை. வீட்டில் எல்லோரும் மனமொத்த பிறகே விண்ணப்பியுங்கள்.

பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம் என்ற இன்னொரு வகையும் இருக்கிறது. மதுரை மாவட்டத்து அரிட்டாபட்டி 2022-ல் அவ்வாறு அறிவிக்கப்பட்டது. 14 ஏக்கர் தனி நிலத்துக்கு அதைத் தேடிப் போக வேண்டியதில்லை என்றாலும், உங்கள் ஊராட்சியின் பல்லுயிர் மேலாண்மைக் குழு வைத்திருக்க வேண்டிய மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டில் உங்கள் நிலத்து மரங்களையும் பறவைகளையும் பதிவு செய்ய வையுங்கள். பின்னால் எந்த வழக்கிலும் அது சான்றாகும்.

மூன்றாவது வழி நம் முன்னோர் அறிந்தது. தண்ணீர்ப்பந்தலுக்கும் கோயில் விளக்குக்கும் கட்டளை எழுதி வைத்தவர்கள் பலர், நிலத்தைத் தங்கள் குடும்பத்திடமே வைத்துக்கொண்டு, அதன் மீது அந்தச் செலவைச் சுமையாக ஏற்றினார்கள். நிலம் விற்கப்பட்டாலும் கட்டளை அதைத் தொடர்ந்தது. நீதிமன்றங்கள் இதைப் பகுதி அர்ப்பணிப்பு என்று ஏற்றுக்கொண்டிருக்கின்றன. பங்குனி உத்திரத்தன்று நாம் குடும்பத்தோடு போய் நிற்கிற சாஸ்தா கோயில்கள் பலவும் குளக்கரையிலும் மரக்கூட்டத்திலும்தான் இருக்கின்றன. சாமி பேரைச் சொல்லி ஒரு கிளையைக்கூட ஒடிக்காத காடுகள் அவை. உங்கள் நிலத்தில் சாஸ்தா பீடமோ குலதெய்வக் கல்லோ இருந்தால், அதைச் சுற்றியுள்ள இரண்டொரு ஏக்கரையாவது அறக்கட்டளைக்கு எழுதி வையுங்கள். பொதுநன்மைக்கான உடைமை மாற்றங்களுக்குச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 18-ஆம் பிரிவு காலவரம்பிலிருந்து விலக்கு அளிக்கிறது; அறங்காவலர்கள் தவறினால், அந்த அறத்தில் அக்கறையுள்ள இருவர் நீதிமன்ற அனுமதியோடு, சிவில் நடைமுறைச் சட்டத்தின் 92-ஆம் பிரிவில் வழக்குப் போடலாம். முழு நிலத்தையும் அறக்கட்டளைக்கு மாற்ற நான் சொல்லமாட்டேன். உடைமை உங்கள் கையை விட்டுப் போய்விடும். பதநீர் இறக்குவதற்குக்கூட அறங்காவலர் குழுவைக் கேட்க வேண்டிவரும்.

பணத்தைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். இங்கே வரிச்சலுகை எதுவும் கிடையாது. நன்கொடைக்கான கழிவு, பணமாகக் கொடுத்ததற்கு மட்டுமே. கட்டட உரிமையைத் துறந்ததற்கு நம் வருமான வரிச் சட்டம் எதுவும் தருவதில்லை. மனை விலைக்கும் புஞ்சை விலைக்கும் உள்ள வித்தியாசம் முழுவதும் உங்கள் குடும்பம் ஊருக்குக் கொடுக்கும் கொடை. வரி மத்திய அரசின் கையில் இருந்தாலும், பலன் பெறும் நிலம் வேண்டும் என்ற தடையை நீக்குவது மாநில அரசின் கையில் இருக்கிறது. நிலத்தின் மீதான உரிமைகள் அரசமைப்பின் மாநிலப் பட்டியலில் 18-ஆவதாக இருக்கின்றன. கென்யா 1999-லேயே பலன் பெறும் நிலம் இல்லாமலும் சுற்றுச்சூழலுக்காக வசதியுரிமை வழங்கலாம் என்று சட்டம் செய்தது. நமக்கு இந்தத் தடையைக் கொடுத்த இங்கிலாந்தே 2021-ன் சுற்றுச்சூழல் சட்டத்தில் இயற்கைக் காப்பு உடன்படிக்கை என்ற புதிய வகையைச் சேர்த்துக்கொண்டது. பத்துக் கிராமசபைகள் இதே கோரிக்கையைத் தீர்மானமாக அனுப்பினால் சட்டமன்றத்தில் பேச ஒருவர் கிடைப்பார்.

கடைசியாக, எல்லாவற்றுக்கும் முன் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். உங்கள் நிலம் இன்னும் கூட்டுப்பட்டாவில் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். ஒருவர் தமக்கு உள்ள உரிமையின் அளவுக்குத்தான் சுமையை ஏற்ற முடியும். ஆகவே அண்ணன் தம்பிகள் மட்டும் கையெழுத்திட்ட பத்திரம் நிற்காது. அக்கா தங்கைகளுக்கும் சமபங்கு உண்டு. இறந்துபோனவர்களுக்கு அவர்களுடைய வாரிசுகள் அனைவரும் கையெழுத்திட வேண்டும். அமெரிக்காவில் இருப்பவர் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்று பெற்று அதிகாரப் பத்திரம் அனுப்பலாம். ஒருவர் இணங்காவிட்டால் முதலில் பாகப்பிரிவினை செய்து, இணங்கியவர்களின் பாகத்தை ஓடையின் இரு கரையிலும் வருமாறு கேட்டு வாங்குங்கள். பிறகு சர்வேயரைக் கொண்டு அளந்து, புலப்படத்தில் (சர்வே எண்ணுக்கான அளவு வரைபடத்தில்) ஓடை பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். பல இடங்களில் பட்டா நிலத்துக்குள் ஓடும் ஓடை புலப்படத்தில் ஏறாமலேயே இருக்கும். அப்படியானால் வருகிற ஐப்பசியில் தண்ணீர் ஓடும்போது அதன் தடத்தை அளந்து கல் நட்டு, அந்த வரைபடத்தைப் பத்திரத்தின் சொத்து விவரத்தோடு இணைப்பாகச் சேர்த்துப் பதிவு செய்யுங்கள்.